மாமியார் பாறையில் ஒரு வலை

கிவினினா துறையில் எவால்டைத் தெரியாதவர் கிடையாது. அவரைத் தெரியும் என்பதைவிட அவர் வாயைத் தெரியும் என்று சொல்வதுதான் சரி. ஹியூமா தீவின் இந்தத் தெற்குக் கரையில் நாற்பது வருடத்துக்கு மேல் வலை விட்டவர். அவர் படகு துறைக்குள் நுழைவதைப் பார்த்தாலே, நகரத்திலிருந்து வந்து தங்குகிற கோடை வீட்டுக்காரர்கள் தங்கள் ஒற்றை வலையைத் தார்ப்பாய்க்கு அடியில் தள்ளிவிடுவார்கள். அவர் அதற்கெல்லாம் விட்டுவிடுகிற ஆள் இல்லை.

"என்ன, பொம்மை வலைல இன்னைக்கு எத்தனை கிலோ பாசி?" என்று படகிலிருந்தே சத்தமாகக் கேட்பார். துறையே சிரிக்கும். கேட்கப்பட்டவரும் சிரித்துத்தான் ஆக வேண்டும்.

எங்கள் கரையில் வலையோடு கடலுக்குப் போகிறவர்கள் இரண்டு வகை. ஒருவர் தொழில்காரர். அவருக்கு இத்தனை வலை என்று உரிமை உண்டு, பிடித்ததை விற்கலாம், அவர் கொடியில் ஓர் எண் இருக்கும். மற்றவர் பொழுதுபோக்குக்காரர். மாதத்துக்கு ஒரு அட்டை, ஒரே ஒரு வலை. பிடித்ததைத் தின்னலாம், அண்டை வீட்டுக்குக் கொடுக்கலாம், விற்கக் கூடாது. அவர் மிதவையில் எண் கிடையாது, பெயர்தான் இருக்கும். கடல் ஒன்று, மீன் ஒன்று, வலையின் கண்ணும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் எவால்ட் கண்ணில் அந்த இரண்டாவது ஆசாமி மனிதக் கணக்கிலேயே வரமாட்டார்.

அந்த இளக்காரம் சும்மா வந்ததில்லை. அவர் வாலிபராக இருந்தது சோவியத் காலம். கரை முழுக்க எல்லைக்காவல். இரவில் யாராவது நடந்தால் காலடி தெரியட்டும் என்று மணலை வாரி மட்டப்படுத்தி வைப்பார்கள். கூட்டுப்பண்ணைப் படகில் பெயர் கொடுத்துவிட்டுப் போனால்தான் கடல், இல்லாவிட்டால் கடல் கண்ணுக்கு மட்டும். அவர் அம்மா சமையலறை ஜன்னலில் அலையைப் பார்த்துக்கொண்டே கடையில் வாங்கிய டப்பா மீனை உடைத்துக் கிண்டுவாளாம். அந்த வயதில் எவால்ட் மனதில் விழுந்தது இதுதான்: கடலுக்கு வேலைக்குப் போகலாம், விளையாடப் போகக் கூடாது. பிறகு காலம் மாறியது, நாடு மாறியது, மணலில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம் என்று ஆனது. இவர் மட்டும் மாறவில்லை.

போன வருடம் அவர் நெஞ்சைக் கிழித்துத் தைத்தார்கள். டாக்டர்கள் கனம் தூக்கக் கூடாது, வலை இழுக்கக் கூடாது என்றார்கள். மனைவி காலமாகிப் பல வருடம் ஆயிற்று. இருப்பது ஒரே மகள், கைரே. தலைநகர் தாலினில் கப்பல் கம்பெனி மேசையில் உட்கார்ந்து பயணச்சீட்டு கொடுத்துக்கொண்டிருந்தவள், வேலையையும் வீட்டையும் விட்டுவிட்டு வந்து, "நான் விடறேன்பா வலை" என்றாள். உரிமை அவள் பெயருக்கு மாறியது. கூடவே அவர் கொடியில் இருந்த பதினேழு என்ற எண்ணும் அவளுடையதாயிற்று. அன்றைக்குத் துறையில் எல்லோர் முன்னாலும் எவால்ட் சத்தியம் செய்தார்.

"நான் வலையைக் கீழ வெச்சா வெச்சதுதான். நாளைக்கு ஒரு பொம்மை வலையோட என்னைப் பாத்தீங்கன்னா, இந்தக் கையை வெட்டிடுங்க."

சொல்லாமலே இருந்திருக்கலாம்.

கைரேக்கு முதல் வசந்தமே சரியாக அமையவில்லை. மூன்று நாள் புயலில் கடலுக்குப் போக முடியாமல், தடைக்காலம் தொடங்கிய பிறகும் அவள் வலைகள் தண்ணீரிலேயே கிடந்தன. புயல் என்று சொன்னாள். புயலுக்கு முன்னாடியே எடுத்திருக்கலாமே என்றார்கள் மீன்வளக் காவலர்கள். எச்சரிக்கை எழுதினார்கள். இன்னொரு முறை பதினேழாம் எண்ணில் ஏதாவது தப்பு வந்தால் உரிமையை நிறுத்திவிடுவோம் என்றும் சொன்னார்கள். "பொண்ணு கோடை வரைக்கும்கூடத் தாக்குப்பிடிக்காது" என்று துறையில் பேசிக்கொண்டவர்கள், கோடை போன பிறகு இலையுதிர்காலம் வரைக்கும் தாங்கமாட்டாள் என்று பேச்சை நீட்டிக்கொண்டார்கள். கைரே காதில் வாங்காததுபோல் வேலை செய்தாள். ஆனால் அந்த எச்சரிக்கை முள்ளாக உள்ளே கிடந்தது, அது எவால்டுக்குத் தெரியும்.

அவர் வீட்டில் கிழிந்த வலையைத் தைத்தார். விறகை அடுக்கினார். அடுக்கிய விறகைப் பிரித்து மறுபடி அடுக்கினார். கை பரபரத்தது. ஜூன் மாதம் ஒரு நாள் பின்வழியாகப் போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்.

பக்கத்து வீடு ஆர்வியுடையது. தார்த்து நகரத்தில் பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பொழுதுபோக்குக்காரர்களிலேயே எவால்டிடம் அதிகம் அடி வாங்கியவர் அவர்தான். "டாக்டர் வலை விட்டா மீன் மாட்டாது, வாயைத் திறந்துட்டுத் தானா வரும்" என்பது இருபது வருடப் பழைய கேலி.

"டாக்டரே, அந்த அட்டை... எப்படி வாங்குறது?"

"எந்த அட்டை?"

"அதான், உங்க அட்டை."

ஆர்வி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். "பொம்மை வலை அட்டையா?"

"சத்தம் போடாதீங்கன்னா!"

"இருங்க எவால்ட். இருபது வருஷமா வாங்கிக் கட்டிக்கிட்டிருக்கேன். ஒரு நிமிஷம் அனுபவிச்சுக்கிறேன்."

அனுபவித்தார். பிறகு உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தார். அந்த அட்டையைக் கணினியில்தான் எடுக்க வேண்டும். பதிவு திறந்த வேகத்தில் தீர்ந்துவிடும், ஊற்றின காப்பி ஆறுவதற்குள் ஒன்றும் மிஞ்சாது. அடுத்த மாதம் பிறந்த காலையில் ஆர்வி இரண்டு விரலால் தட்டித் தட்டி, தனக்கொன்றும் எவால்டுக்கொன்றும் எடுத்துவிட்டார், பிறகு மாதாமாதம் இதே வேலைதான்.

"யாருக்கும் தெரியக் கூடாது டாக்டரே. கைரேக்கும்தான். அவளுக்குத் தெரிஞ்சா நெஞ்சைக் காட்டிப் பயமுறுத்துவா. துறைக்குத் தெரிஞ்சா..."

"நான் பல் டாக்டர். தார்த்துல பாதிப் பேர் வாய்க்குள்ள இருக்கறது எனக்குத் தெரியும். எதையாவது வெளியே சொல்லியிருக்கேனா?"

அப்படித் தொடங்கியது. ஆர்வி வீட்டுக்குக் கீழே நாணல் மறைவில் ஒரு சின்னத் துடுப்புப் படகு, ஒரு வலை, வெள்ளைப் பிளாஸ்டிக் கேன் ஒன்று மிதவைக்கு. அதில் எவால்ட் பெயரை ஆர்வியே அழகாக எழுதிக் கொடுத்தார். கைரே பெரிய படகில் வெளிக்கடலுக்குப் போன பிறகு இவர் இந்தப் பக்கம் நாணலோரமாக ஒரு வலையை விட்டுவிட்டு வருவார். ஐஸ் பெட்டி வேண்டாம், எடை போடுகிறவன் காத்திருக்க மாட்டான், ஒற்றை வலை நெஞ்சுக்கும் பாரமில்லை. மாட்டியது மாட்டியதுதான்.

முதல் முறையாக ஒரு வெள்ளைமீன் சிக்கியபோது அதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். எவால்ட் வீட்டில் வெள்ளைமீனைத் தின்றதே இல்லை. அது விற்கிற மீன். வீட்டுக்கு வருவது தட்டைமீன், அதிலும் வால் கடிபட்டது, நசுங்கியது. ஆர்வி தன் புகையடுப்பில் அதைப் போட்டு எடுத்து, உருளைக்கிழங்கும் கருப்பு ரொட்டியும் வைத்தார். கொழுப்பு விரலில் வழிந்தது. எவால்ட் முள்ளை எல்லாம் தட்டோரம் ஒதுக்கிவிட்டு, காலித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாயில்லையா?" என்று கேட்டார் ஆர்வி.

"நாற்பது வருஷமா இதைத்தான் வித்தேனா?" என்றார் எவால்ட்.

அக்டோபர் வந்தது. காற்று வடமேற்கில் திரும்பி, தண்ணீர் குளிர்ந்து, வெள்ளைமீன் கரையோரப் பாறைகளுக்கு வருகிற நேரம். எங்கள் கரையில் அதற்கு ஒரே இடம்தான் முதல் இடம். மாமியார் பாறை. கடல் கொஞ்சம் வற்றினாலும் தலையை நீட்டி யார் வருகிறார் என்று பார்க்கும், அதனால் அந்தப் பெயர். அங்கே முதலில் எவன் கொடி நிற்கிறதோ அவனுக்குத்தான் இடம், அவன் வலையை எடுக்கும்வரை மற்றவர்கள் சுற்றிப் போவார்கள். இது எழுதின சட்டமில்லை. எழுதின சட்டத்தை மீறியவன் இருக்கிறான், இதை மீறியவன் இல்லை.

கைரே அந்த வாரம் தன் வலைகள் மொத்தத்தையும் கிழக்கே ஆழத்தில் விட்டிருந்தாள். அது அவள் கணக்கு. பாறை காலியாகக் கிடந்தது. எவால்ட் இரண்டு நாள் ஜன்னலில் நின்று அதைப் பார்த்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் அவரால் முடியவில்லை.

பாறை நாணல் மறைவு மாதிரி அல்ல. துறையில் நின்றால் நேராகத் தெரியும், அங்கே தொலைநோக்கி இல்லாத வீடு கிடையாது. படகுக் கொட்டகையில் வெள்ளைக் கேன் கையெட்டும் தூரத்தில் தொங்கியது, அதில் அவர் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. பக்கத்து ஆணியில் அவருடைய பழைய கொடிக்கம்பு. கைரே புதுக் கம்புகள் வாங்கிய பிறகு யாரும் தொடாமல் கிடந்தது. கறுப்புத் துணி, பதினேழு. அவர் கை கம்பை எடுத்தது. பழக்கமா வெட்கமா என்று கேட்டால் பழக்கம் என்றுதான் அவர் சொல்வார். எனக்கென்னவோ பாதிக்குப் பாதி என்றுதான் தோன்றுகிறது. விடியுமுன் போய் எடுத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்துத்தான் அன்றிரவே பாறையருகே வலையை விட்டிருப்பார்.

விடியும்போது மூடுபனி. துடுப்பின் நுனிகூடத் தெரியவில்லை. எவால்ட் நாணலோரம் படகில் உட்கார்ந்து காத்தார், பனி விலகவில்லை. வீட்டுக்கு வந்தார், மறுபடி போனார், கடைசியில் துறைக்குப் போய்க் கையில் காப்பிக் கோப்பையோடு மற்றவர்களுடன் நின்றுகொண்டார். ஆர்வியும் அங்கே இருந்தார். கைரே வலை இழுத்துவிட்டு வந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தாள். பனி மெல்லக் கலைந்தபோது மாமியார் பாறையருகே கறுப்புக் கொடி ஒன்று நின்றது. கூடவே சாம்பல் நிறப் படகு ஒன்று அதைச் சுற்றிவிட்டுத் துறைக்கு வந்தது.

அது மீன்வளக் காவல் படகு. இறங்கியவன் ரெய்ன். இந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்த பையன், எவால்டை மாமா என்றுதான் கூப்பிடுவான். ஆனால் வேலையில் இருக்கும்போது சிரிக்க மாட்டான்.

"கைரே, கிழக்குப் பக்கம் உன் வலையெல்லாம் எண்ணிட்டேன், சரியா இருக்கு," என்றான். "மாமியார் பாறைல ஒண்ணு கூடுதலா நிக்குது. அதுவும் பதினேழு."

கைரே திரும்பிக் கடலைப் பார்த்தாள். பழைய கம்பு. கறுப்புத் துணிக்குமேல் இரட்டை முடிச்சுப் போட்ட சிவப்புக் கந்தல். அந்த முடிச்சை இந்தக் கரையில் ஒருவர்தான் போடுவார். அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா காப்பிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளுக்கு அட்டை விஷயம் தெரியாது. நெஞ்சைத் தைத்துக்கொண்ட மனிதர், உரிமை இல்லாமல், அடுத்தவர் எண்ணில், திருட்டு வலை விட்டிருக்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள். இந்த வயதில் அந்தப் பெயர் வந்தால் அவர் துறைப்பக்கம் தலைகாட்ட மாட்டார்.

"என்னோடதுதான் ரெய்ன்," என்றாள். "எண்ணிக்கை தப்பிடுச்சு."

"யோசிச்சுச் சொல்லு. வசந்தத்துல ஏற்கெனவே ஒண்ணு இருக்கு. இதையும் எழுதினா உன் உரிமை போயிடும்."

"தெரியும். என்னோடதுதான்."

பெட்டி தூக்கியவர்கள் தூக்கிய இடத்திலேயே நின்றார்கள். எவால்ட் கோப்பையிலிருந்து தலையைத் தூக்கினார். ஆர்வியைப் பார்த்தார். வாயைத் திற என்று ஆயுள் முழுக்க ஊருக்குச் சொன்ன மனிதர், கொடுத்த வாக்குக்காகத் தன் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார். முகம் மட்டும் சிவந்திருந்தது.

"பொய் சொல்றா," என்றார் எவால்ட். "அது என் வலை."

ரெய்ன் பெருமூச்சு விட்டான். "மாமா, உங்களுக்கு ஏது உரிமை? போன வருஷமே கைரே பேருக்கு மாத்தியாச்சு. மகளுக்காகச் சொல்றீங்க, புரியுது. ஆனா எண் அவளோடது."

"நீ பேசாம இருப்பா," என்றாள் கைரே தாழ்ந்த குரலில்.

"எங்கிட்ட அட்டை இருக்கு," என்றார் எவால்ட்.

"எந்த அட்டை?"

மறுபடி அதே கேள்வி. இந்த முறை பின்வாசல் இல்லை. முன்னால் மகள், பின்னால் துறை முழுக்க, இத்தனை வருடம் தன் கேலியைக் கேட்டுச் சிரித்த முகங்கள். ஓரமாக இரண்டு கோடை வீட்டுக்காரர்களும் நின்றார்கள். எவால்ட் கோப்பையைக் கீழே வைத்தார்.

"பொழுதுபோக்கு அட்டை. நான் பொழுதுபோக்குக்காரன். அங்க நிக்கிறது பொம்மை வலை. பழைய கம்பை எடுத்துக் கட்டினது என் தப்பு, அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியாமல் இருந்தது. ரெய்ன் தன் கைபேசியில் பெயரைத் தேடினான். கிடைத்தது. திரும்பவும் ஒரு முறை பார்த்தான், நம்பாதவன் மாதிரி.

"அட்டை நான்தான் எடுத்துக் குடுத்தேன்," என்றார் ஆர்வி, வாய் திறக்க அனுமதி கிடைத்த வேகத்தில். "ஜூலைலேருந்து விடறார். என் அடுப்புலதான் சுடறோம்."

"கொடி தப்பு மாமா. அதுக்கு உங்களுக்கு ஒரு எச்சரிக்கை. இன்னைக்கே எடுத்துட்டு, உங்க பேர் போட்ட மிதவையைக் கட்டுங்க," என்றான் ரெய்ன். பிறகு கைரே பக்கம் திரும்பினான். "பதினேழுல ஒண்ணும் இல்ல. நீ ஏதோ சொன்ன மாதிரி இருந்துச்சு, காத்துல சரியாக் கேக்கல."

அன்றைக்கு இலைகூட அசையவில்லை.

சாம்பல் படகு போன பிறகுதான் துறைக்கு வாய் வந்தது. "எவால்ட், கையை எப்ப வெட்டலாம்?" என்று யாரோ கேட்டார்கள். "பாசி எத்தனை கிலோ?" என்றது இன்னொரு குரல். எல்லாம் அவர் சொல்லிக் கொடுத்த பேச்சு. எவால்ட் வாங்கிக்கொண்டார். உள்ளுக்குள் ஏதோ இறங்கி லேசானதுபோல் இருந்தது, அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

பாறைக்குக் கைரேதான் படகை ஓட்டினாள். பாதி வழியில் வேகத்தைக் குறைத்தாள்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேப்பா."

"நீ எதுக்கு உன்னோடதுன்னு சொன்ன? உரிமை போயிருக்குமேடி."

"நீ திருட்டு வலை விடறேன்னு நினைச்சேன்."

எவால்டுக்குச் சுருக்கென்றது. "உங்கப்பன் அட்டை வாங்குவான்னு தோணல, திருடுவான்னு தோணிச்சா?"

"ஆமா. அதுதான் உனக்குப் பொருத்தமா இருந்துச்சு."

அவர் முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரிக்க வேண்டியதாயிற்று, கைரே பயந்துபோய் இன்ஜினையே நிறுத்தினாள். வலையை அவள் இழுத்தாள், மீனை அவர் கண்ணியிலிருந்து எடுத்தார். வெள்ளைமீன் நல்ல பருமனாக இருந்தது. கைரே பழக்கத்தில் அதை ஐஸ் பெட்டிக்குக் கொண்டுபோனாள்.

"அதுல போடாதே. விக்கக் கூடாது, பொம்மை வலை மீன்," என்றார் எவால்ட். "திங்கறதுக்கு."

மத்தியானம் ஆர்வியின் புகையடுப்பருகே நின்றபடி கைரே முதல் துண்டை வாயில் வைத்தாள். மெல்லுவதை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தாள். அவர் இன்னொரு துண்டை நீட்டினார். அந்த முகம் அவருக்குத் தெரிந்த முகம்.

அடுத்த வாரம் ஒரு காலை, எவால்ட் துடுப்புப் படகில் மாமியார் பாறையடியில் இருந்தார். வெள்ளைக் கேன் முன்னால் மிதந்தது, பெயர் துறையிலிருந்தே படிக்கிற மாதிரி. ராத்திரி விட்ட வலையை அப்போதுதான் எடுத்து முடித்திருந்தார். மறுபடி அங்கேயே விடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பெரிய படகு வந்து பக்கத்தில் நின்றது. கைரே எழுந்து நின்று இரண்டு கையையும் இடுப்பில் வைத்தாள். துறைக்கே கேட்கிற குரலில் கத்தினாள்.

"யோவ் பொம்மை வலை! பாசி எல்லாம் பொறுக்கியாச்சுன்னா கொஞ்சம் தள்ளுறீங்களா? இங்க வேலைக்கு வந்திருக்கோம்!"

குரல், இழுப்பு, இடுப்பில் கை, எல்லாம் அப்படியே எவால்ட். துறையில் யாரோ கைதட்டினார்கள். அந்தப் பெண் இலையுதிர்காலம் வரைக்கும் தாங்கமாட்டாள் என்றவர்களும் அங்கேதான் நின்றார்கள். எவால்டுக்குப் பெருமையாக இருந்தது. தொப்பியைத் தொட்டு வணக்கம் வைத்துவிட்டு, துடுப்பைத் தண்ணீரில் போட்டு, பாறையை அவளுக்கு விட்டுத் தள்ளிப் போனார்.